ஃப்ரீசரின் உடம்பில் துளை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டீப் ஃப்ரீசரைக் குழாய் வைத்த சோடாப் பெட்டியாக மாற்றிக் கல்யாண வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழில் வந்திருந்த குறிப்பைப் படித்தோம். யோசனையில் குற்றமில்லை. ஆனால் ‘ஃப்ரீசரின் முன்பக்கத்தில் துளையிட்டுக் குழாயைப் பொருத்த வேண்டும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. நன்றாக ஓடுகிற பெட்டியை எடைக்குப் போட அந்த ஒரு வரியே போதும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆவணிக் கல்யாணங்கள் நெருங்குகின்றன. யாராவது டிரில்லைக் கையில் எடுப்பதற்குள் இது அச்சில் வந்துவிட்டால் நல்லது.

ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் மேல்மூடி ஃப்ரீசரின் முதுகில் பெரும்பாலும் கறுப்புக் கம்பி வலை எதுவும் இருக்காது. சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் குழாய் வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. குளிரைத் தரும் குழாய் உள்தொட்டியைச் சுற்றிப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் பஃப் நுரை. கையை வைத்துச் சூடு பார்த்துக் குழாய் போகும் தடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். வெளிச்சுருளுக்கு அது ஓரளவு சரிப்படும், உள்சுருளுக்குச் சரிப்படாது. டிரில் முனை லேசாக உரசினாலும் கேஸ் போய்விடும். நுரைக்குள் புதைந்த குழாயைத் தோண்டியெடுத்துப் பற்றவைப்பது நடக்கிற காரியமல்ல. போதாததற்கு, இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் குளிரூட்டும் கேஸாக இருப்பது ஆர்600ஏ அல்லது ஆர்290. இரண்டுமே சமையல் கேஸின் உறவு, தீப்பிடிக்கும்.

இந்தப் பெட்டியின் கதையே பீரிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் வீட்டுக்குள் பீர் காய்ச்சிக்கொள்ள 1978-ல் மத்தியச் சட்டம் இடம் கொடுத்தது. காய்ச்சியவர்கள் அதைப் பாட்டிலில் அடைப்பதை விட்டுவிட்டு ‘கெக்’ எனப்படும் எஃகு டிரம்மில் ஊற்றி, ஃப்ரீசருக்குள் நிறுத்தி, கார்பன் டை ஆக்சைடு கேஸால் தள்ளிக் குழாய் வழியே பிடிக்கப் பழகினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த 19 லிட்டர் கெக் பீருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பெப்சி, கோக் கம்பெனிகள் கடைகளுக்குப் பான சிரப் அனுப்ப வைத்திருந்த டிரம் அது. கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பைகளுக்கு மாறியதும் பழைய டிரம்கள் மலிவாகப் பீர்க்காரர்கள் கைக்குப் போயின. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதனால் நமக்கு வேண்டியது பெட்டி மட்டும். உள்ளே நிற்கப்போவது பன்னீர் சோடா, எலுமிச்சை சோடா, நன்னாரி.

அந்த அமெரிக்கப் பீர்க்காரர்கள் ஃப்ரீசரைத் தொடாமல் வேலையை முடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மரச் சட்டத்தை உட்கார வைத்து, எல்லாத் துளைகளையும் அந்த மரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். குழாய், கேஸ் டியூப், சென்சார் ஒயர் எல்லாம் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் போகும். பெட்டிக்கு உள்ளே உயரமும் கூடும். 19 லிட்டர் கெக் கிட்டத்தட்ட 64 செ.மீ. உயரம், மேலே மாட்டும் கனெக்டருக்கு இன்னும் 6 முதல் 8 செ.மீ. வேண்டும். சட்டம் இல்லாமல் பல பெட்டிகளில் மூடியே மூடாது.

பெட்டி வாங்கும்போதே கவனியுங்கள். கண்ணாடி மூடி நகரும் வகை இதற்கு ஆகாது. மீன், கறி வைத்திருந்த பெட்டியும் வேண்டாம், அதன் வாடை மூடியின் ஓர ரப்பரான காஸ்கெட்டிலிருந்து எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. டிஜிட்டல் போர்டு உள்ள மாடல்களில் சில, கரண்ட் போய் வந்தால் பழைய செட்டிங்கை மறந்து அணைந்தே நிற்கும். குளிரைப் பார்த்துக் கரண்டை விட்டு நிறுத்தும் வெளிக் கன்ட்ரோலர் வைத்து ஓட்ட அவை உதவாது. கையால் திருகும் குமிழ் உள்ளதே மேல். 24 செ.மீ. விட்டத்தில் அட்டை வட்டங்கள் வெட்டி எடுத்துப்போய்ப் பெட்டித் தரையில் பரப்பிப் பார்த்தால் எத்தனை கெக் நிற்கும் என்பது கடையிலேயே தெரிந்துவிடும். கம்ப்ரசர் இருக்கும் மேட்டின் மேல் கெக் நிற்காது, அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சட்டத்துக்கு ஏழு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கு நம் ஊரில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் தேடலாம். ஈரம் முற்றிலும் வற்றிய மரம், வளையாது. ஒன்று மட்டும்: இழைப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் பழைய ஆணி, ஆசாரியின் உளி வாயைத் தின்றுவிடும். அளவை ஃப்ரீசரின் மேல்விளிம்பில் எடுங்கள், மூடியில் அல்ல. மூலையைப் பாதிப்பாதி செதுக்கிப் பொருத்தி, தண்ணீர் தாங்கும் பசை போட்டு, உட்புறம் இரும்பு எல் பட்டை வைத்து முடுக்குங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வருகிறதா என்று பசை காய்வதற்குள் டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். 5 மி.மீ. கோணினாலும் மூடியின் ஒரு மூலை காற்று வாங்கும்.

மூடியைக் கழற்றும்போது கவனம். கீல்களுக்குள் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. மூடியை முழுக்கத் திறந்து நிமிர்த்தினால்தான் அது தளர்ந்த நிலையில் இருக்கும். மூடிய நிலையில் திருகைக் கழற்றினால் கீல் எகிறி விரலைப் பதம் பார்க்கும்.

சட்டத்தை மூடியோடு பொருத்துவதா, உடம்போடு பொருத்துவதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. மூடியோடு பொருத்தினால் கெக்கை ஏழு அங்குலம் குறைவாகத் தூக்கினால் போதும். நிரம்பிய கெக் 22, 23 கிலோ இருக்கும் என்பதால் அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் குழாய்களும் டியூப்களும் சேர்ந்து எழும், கீல் ஸ்பிரிங் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதும் அல்ல. கல்யாண வீட்டு அவசரத்தில் யாரோ ஒருவர் மூடியைப் படாரென்று விடத்தான் செய்வார். எங்கள் கட்சி உடம்போடு பொருத்துவது. கீழ்ச்சந்தில் நியூட்ரல் சிலிக்கோன் போடுங்கள். புளிச்ச வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, தகடு துருப்பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, வாடை போனபிறகே பெட்டியை மூட வேண்டும். காஸ்கெட்டில் காந்தம் இருந்தால் மரத்தில் அது ஒட்டாது. சட்டத்தின் மேல்முகத்தில் ஓர் அங்குல ஜி.ஐ. இரும்புப் பட்டையைச் சுற்றிப் பதித்துவிட்டால் பழையபடி கவ்விக்கொள்ளும். உட்புறம் ஓர் அங்குலக் கனத்தில் தெர்மகோல் அல்லது நைட்ரைல் ரப்பர் நுரை ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் சட்டத்தின் வெளிப்பக்கம் ஆவணிப் புழுக்கத்தில் வியர்த்து ஒழுகும்.

மெருகு விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கதவு, நிலைக்குப் போடும் அரக்கு பாலிஷ் தேக்கில் கண்ணாடிபோல் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஈர டம்ளர் வைத்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பி.யூ. வார்னிஷ் மூன்று கை கொடுங்கள். உள்பக்கம், அடிப்பக்கம், பலகையின் வெட்டு முனை, குழாய்த் துளையின் உள்சுவர் எல்லாவற்றுக்கும் பூச்சு போக வேண்டும். உள்ளே 3 டிகிரியில் ஈரம், வெளியே 35 டிகிரியில் வெயில். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

இன்னும் ஆசைப்பட்டு ஃப்ரீசரின் நான்கு பக்கமும் தேக்குப் பலகை அடிப்பவர்களும், ஆத்தங்குடிக் கல் பதிப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சூடு வெளியேற வேண்டியது அந்தப் பக்கங்கள் வழியாகத்தான். போர்த்திவிட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடி ஒரு கோடையில் உட்கார்ந்துவிடும். பக்கச் சுவருக்கு வண்ணப் பூச்சு மட்டும் போதும், சுற்றிலும் 10 செ.மீ. காலி இடம் விடுங்கள். மூடியின் மேல் கல் பதிக்கலாமே என்றால், 8 அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்று சுமார் ஒன்றே முக்கால் கிலோ. பன்னிரண்டு பதித்தால் 21 கிலோ. அந்த மூடியை எந்த ஸ்பிரிங்கும் நிறுத்தி வைக்காது. குழாயில் சிந்துவதைப் பிடிக்கும் தட்டுக்கு அடியில் ஒரே வரிசையாகப் பதித்துக்கொள்ளுங்கள், ஆசை தீரும்.

குழாய்த் துளை 22 அல்லது 23 மி.மீ., ஒன்றுக்கொன்று 10 செ.மீ. இடைவெளி. வெளியிலிருந்து துளைத்து, நடு முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மீதியை உள்ளிருந்து துளைத்தால் மரம் பிளக்காது. குழாயின் தண்டு 10 செ.மீ. நீளம் உள்ளதாக வாங்குங்கள். நட்டு உட்காரும் இடத்தில் நுரையை வட்டமாக வெட்டியெடுத்து, மரத்தின் மேலேயே முடுக்க வேண்டும். நுரையின் மேல் முடுக்கினால் ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் குழாய் ஆடும்.

குழாயும் தண்டும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். குரோமியம் பூசிய பித்தளைக் குழாய் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. எலுமிச்சையின் புளிப்பும் கரைந்த கேஸின் புளிப்பும் சேர்ந்து பூச்சை அரித்ததும் செம்பு பானத்தில் இறங்கத் தொடங்கும். முதல் டம்ளரில் உலோக வாடை, அளவு கூடினால் வாந்தி. அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) இருக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் பித்தளைக் குழாய்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது டியூபின் நீளம். நுரை நுரையாக வருகிறது என்ற புகாரில் பெரும்பாலானதற்குக் காரணம் இதுதான். பீருக்கு 3 டிகிரியில் 11, 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், உள்விட்டம் 5 மி.மீ. உள்ள டியூப் 3 மீட்டர் இருந்தால் சரியாகிவிடும். சோடா அப்படியல்ல. நாக்கில் சுருக்கென்று ஏற, அதே 3 டிகிரியில் 26, 27 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும். அந்த அழுத்தம் டியூபுக்குள்ளேயே மெல்ல மெல்லக் குறைந்து வர 8, 9 மீட்டர் நீளம் தேவை. ஒன்றரை மீட்டரில் வெட்டினால் குழாய் வாயில் அழுத்தம் ஒரேயடியாக விழுந்து கேஸ் அனைத்தும் டம்ளரில் பொங்கி வெளியேறும், கையில் மிஞ்சுவது தித்திப்புத் தண்ணீர். டியூபைச் சுருட்டிக் கெக்கின் தலையில் வையுங்கள், பெட்டிச் சுவரைத் தொடவிடாதீர்கள். சுவர்தான் குளிர்ச்சுருள். ‘மூன்று குழாய் வருகிறது, ஒன்று மட்டும் வரவில்லை’ என்றால் சுவரோடு ஒட்டிய டியூபுக்குள் பனிக்கட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நன்னாரியும் பன்னீரும் ஓடிய டியூபில் அந்த வாசனை தங்கிவிடும். அதை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டு, எலுமிச்சைக்கு வேறு போடுங்கள். கெக்கின் ரப்பர் ஓ-ரிங்குகளுக்கும் இதே கதிதான்.

ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மைனஸ் 18-க்குச் செய்யப்பட்டது, அதை வைத்து 3 டிகிரியில் நிறுத்த முடியாது. எஸ்.டி.சி-1000 போன்ற வெளிக் கன்ட்ரோலரின் 220 வோல்ட் மாடல் இதற்குப் போதும். அதன் ஒயர் முனைகளில் 1, 2 மின்சாரம், 3, 4 சென்சார், 7, 8 குளிர்ப்பு ரிலே. இந்த ரிலே வெறும் சுவிட்சுதான், தானாகக் கரண்ட் தராது. ஃபேஸை 7-ல் கொடுத்து 8-லிருந்து ஃப்ரீசரின் சாக்கெட்டுக்கு எடுக்க வேண்டும். நகல் சரக்குகளில் எண்கள் மாறியிருக்கலாம், உடம்பில் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்கில் எஃப்1 (நிற்க வேண்டிய குளிர்) 3 டிகிரி, எஃப்2 (அதிலிருந்து ஏற விடும் அளவு) 1 டிகிரி, எஃப்3 (நின்றபின் மறுபடி கிளம்பும் இடைவெளி) 5 நிமிடம். இந்த 5 நிமிடம் கம்ப்ரசரின் உயிர். நின்றவுடன் மறுபடி கிளம்பினால் எதிர் அழுத்தத்தில் மோட்டார் திணறிச் சூடேறும். சென்சாரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. கெக்கின் நடு உடம்பில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு நுரை வைத்து மூடுங்கள். கன்ட்ரோலர் பெட்டி வெளியே இருக்கட்டும். ஃப்ரீசரின் எரியும் கேஸ் கசிந்தால் ரிலேயின் பொறி போதும். ஈரமும் உலோகக் குழாயும் சேர்ந்த இடம் என்பதால் எர்த்தும், மின்கசிவு கண்டதும் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஓட்டவே கூடாது.

உள்ளே ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியை அடியிலிருந்து மேல்நோக்கி ஊத வையுங்கள். குளிர்காற்று கீழேயே தங்கும், குழாயோ மேலே. விசிறி இல்லாத பெட்டியில் கீழே 2 டிகிரி இருக்கும்போது சட்டத்தருகே 10 டிகிரி இருக்கும், ஒவ்வொரு முறையும் முதல் டம்ளர் நுரையாகத்தான் விழும்.

கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர் விஷயத்தில் சமரசமே வேண்டாம். வெல்டிங் கடையில் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். ஐ.எஸ். 307 தரத்தில் உணவுக்கான கேஸ் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்புச் சிலிண்டரைத் தொடவே கூடாது. அதில் அடிவரை குழாய் இருப்பதால் கேஸுக்குப் பதில் திரவம் சீறி ரெகுலேட்டரை உறைய வைக்கும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், வெயில் படவே கூடாது. 31 டிகிரிக்கு மேல் இந்தக் கேஸ் திரவமாக நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். பெட்டிக்குள் வைத்தால் உயர் அழுத்தமானி 65 பாரிலிருந்து 38 பாருக்கு இறங்கும், கேஸ் தீர்ந்துவிட்டதென்று பதறுவார்கள். தீரவில்லை, குளிர்ந்திருக்கிறது. எவ்வளவு மிச்சம் என்பதற்குத் தராசு ஒன்றே சாட்சி. 18 லிட்டர் சோடாவுக்குக் கரைவதும் தள்ளுவதுமாகச் சுமார் 250 கிராம் ஆகும். 5 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 20 கெக் பார்க்கலாம்.

பெட்டியை எங்கே நிறுத்துவது என்பது நம் வீடுகளில் முக்கியமான கேள்வி. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்குக் கனத்த கதவு, சின்னச் சன்னல். 10-க்கு 10 அடி, 12 அடி உயரம் உள்ள அறையில் 5 கிலோ கேஸும் கசிந்தால் காற்றில் அது 8 சதவீதத்தைத் தொடும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. வாடை கிடையாது, காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஆகவே வளவுத் தாழ்வாரம், முகப்பு, பந்தல் இவைதான் இடம். அறைக்குள் வேண்டாம். மாட்டியவுடன் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். இரவில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். பல மணி நேரம் மூடிக்கிடந்த பெட்டிக்குள் உடனே தலையை நுழைக்காமல் திறந்து சற்றுக் காற்றாட விடுங்கள்.

நிரப்புவது எளிது. கெக் ஒன்றுக்கு 18 லிட்டர், அதாவது தண்ணீர் கேனைவிட இரண்டு லிட்டர் குறைவு. சர்க்கரை 1.8 கிலோ. எலுமிச்சைச் சாற்றை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒரு சுளைத் துணுக்கு போதும், வால்வு அடைத்துக்கொள்ள. நீர்மோரை இதில் ஊற்ற வேண்டாம், கறிவேப்பிலைக்கும் இஞ்சிக்கும் பானைதான் சரி. மூடியை வைத்ததும் 30 பி.எஸ்.ஐ. கொடுத்து ஓ-ரிங்கை உட்கார வைத்து, பாதுகாப்பு வால்வை இரண்டு மூன்று முறை இழுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். குளிராத பானத்தில் கேஸ் ஏறாது. 32 டிகிரியில் அதே அழுத்தத்துக்குப் பாதிகூடக் கரையாது. நான்கு கெக்கை 3 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு சாதாரண ஃப்ரீசருக்குப் பதினேழு, பதினெட்டு மணி நேரமாவது பிடிக்கும். எனவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே உள்ளே வைத்துவிடுங்கள். குளிர்ந்தபின் கேஸை மாட்டிய நிலையில் கெக்கைப் படுக்கவைத்துப் பத்து நிமிடம் உருட்டினால் வேலை முடியும். சிரப் ரெகுலேட்டருக்குள் ஏறாமலிருக்க கேஸ் டியூபில் ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டும். அவசரமில்லாதவர்கள் 27 பி.எஸ்.ஐ.யில் ஒரு வாரம் விட்டால் போதும். 150 மில்லி டம்ளரில் கெக்குக்கு 120, நான்கு கெக்குக்கு 480 டம்ளர் தேறும். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், நிரம்பிய நான்கு கெக் மூடிய பெட்டிக்குள் நான்கு மணி நேரத்தில் இரண்டு, இரண்டரை டிகிரிதான் ஏறும். சர்க்கரைப் பானத்தை அறைச் சூட்டில் நாள்கணக்கில் கெக்கில் விட்டுவைத்தால் மட்டும் புளித்து அழுத்தம் ஏறும், அப்போது 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவுக்கு வரலாம். பந்தலில் விலைக்கு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

விசேஷம் முடிந்ததும் கெக்கைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவி, அதே வெந்நீரைக் கேஸால் தள்ளி டியூபிலும் குழாயிலும் ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடாது, அதன் குளோரின் எஃகில் ஊசித்துளை போடும். பெட்டியின் அடிப்பக்க வடிகால் அடைப்பைக் கழற்றி, தேங்கிய நீரை வடித்து, துணியால் துடைத்து, மூடிக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து விட்டுவிடுங்கள். மூடியே வைத்தால் அடுத்த முகூர்த்தத்துக்குள் காஸ்கெட் மடிப்பெல்லாம் கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கும்.

இப்படிக்கு,
குளிர்சாதனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
காரைக்குடி.